மட்டை பிடிக்கக் கற்பித்தவர்கள்

வடாற்காட்டுச் சீமையில் ஆரணிக்குத் தெற்கே இருக்கும் சேத்துப்பட்டை, சென்னையில் அதே பெயரோடு விளங்கும் பேட்டை என்று எண்ணிக்கொள்ளாத வெளியூர்க்காரர் அபூர்வம். சென்னைச் சேத்துப்பட்டுக்கு வெகு சமீபத்திலேயே எழும்பூர் ஹாக்கி அரங்கம் எழுந்து நிற்க, நம்முடைய சேத்துப்பட்டின் டீக்கடைப் பேச்சில் அடிபடுவதோ நெல் மண்டியின் விலை நிலவரமும், லூர்து மாதா கோயில் திருவிழாவும், ஆரணிப் பட்டுக்குக் கூலி ஏறுமா இறங்குமா என்ற விசாரமுந்தான். ஆனாலும் இந்தத் தறிச் சீமைக்கு ஹாக்கியின் சரித்திரத்தில் மறுக்க முடியாத ஒரு பாத்தியதை உண்டு. 1980-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி, மாஸ்கோ நகரத்தில் ஸ்பெயின் அணியை 4-3 என்ற கணக்கில் வென்று, ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா இதுவரை பெற்ற எட்டுத் தங்கங்களில் கடைசித் தங்கத்தைப் பெற்றபோது, அந்த அணிக்குத் தலைமை தாங்கிய வாசுதேவன் பாஸ்கரன் 1950-இல் பிறந்த ஊர் ஆரணி.

பிறந்த ஊர் ஆரணி என்றாலும், அவரை ஆட்டக்காரராக்கிய பெருமையை ஆரணி கொண்டாடிக்கொள்ள முடியாது. அது லயோலா கல்லூரியும் சென்னை மைதானங்களும் செய்த காரியம். பாஸ்கரனுக்கு முன்னும் பின்னும் இந்திய அணியில் இடம்பெற்ற தமிழர்களின் பெயர்களைச் சொல்ல நம்மவர்களுக்குத் தெரியும். அவர்கள் கையில் முதன்முதலாக மட்டையைக் கொடுத்து, இடக்கையை மேலே வை, வலக்கையைக் கீழே வை, முதுகை வளை, கண்ணைப் பந்தைவிட்டு எடுக்காதே என்று கற்பித்தவர்களின் பெயர்களைச் சொல்ல ஆளில்லை. ஆட்டத்தின் சரித்திரம் விஸ்தாரமாக எழுதப்பட்டிருக்க, அப்பியாசத்தின் சரித்திரம் எழுதப்படாமலே கிடப்பதால், அதைச் சிறிது கிளறிப் பார்ப்பதே இங்கு என் உத்தேசம்.

ஆதியில் இந்நாட்டில் ஹாக்கிக்குப் பள்ளிக்கூடம் பட்டாளந்தான். வெள்ளைக்காரப் படைவீரர்கள் கண்டோன்மெண்டுகளில் ஆடியதைப் பார்த்துச் சிப்பாய்கள் ஆடினார்கள். கல்கத்தாவில் 1895-இல் பெய்டன் கோப்பையும், சென்னையில் 1901-இல் எம்.சி.சி. போட்டியும் தொடங்கியபோது, ஆங்கிலோ இந்தியர்களும் பட்டாளத்தார்களுமே பெரும்பாலும் களத்தில் நின்றார்கள். பயிற்சியாளர் என்று தனி உத்தியோகம் ஒன்று அக்காலத்தில் கிடையாது. படைப்பிரிவில் நன்றாக ஆடும் மூத்தவர் எவரோ அவரே குரு; சாயங்காலம் மைதானமே குருகுலம். 1922-இல் பட்டாளத்தில் சேர்ந்த தியான் சந்துக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்த பாலே திவாரியும் அதே படைப்பிரிவைச் சேர்ந்த ஒரு சுபேதார் மேஜரே. அவர் நோட்டுப் புத்தகமோ விசிலோ வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவர் அல்லர். தாமும் கூட ஆடினார், ஆடிக்கொண்டே திருத்தினார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் அந்தச் சிப்பாய் 14 கோல்கள் அடித்து இந்தியாவுக்கு முதல் தங்கத்தைத் தேடித் தந்தார்.

இந்தக் குருகுல முறை நமக்கு அந்நியமானதன்று. ஆரணியிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் குழித்தறி போட்ட வீடுகளில், பிள்ளைகள் தார் சுற்றுவதில் தொடங்கி, அறுந்த இழையைப் பிணைக்கப் பழகி, தகப்பன் எழுந்து போன நேரத்தில் தறியில் உட்கார்ந்து நாலு விரற்கடை நெய்து பார்த்துக் கைவரப் பெறுகிறார்களே, அதே மாதிரிதான் பட்டாளத்து ஹாக்கியும் கைமாறியது. இன்னொரு சம்பந்தமும் உண்டு. ஜலந்தரிலும் சியால்கோட்டிலும் ஹாக்கி மட்டை செய்யப் பயன்பட்டது முசுக்கொட்டை மரம். அந்த மரத்தின் இலையைத் தின்ற பூச்சிதான் ஆரணித் தறிக்கு நூல் கொடுக்கிறது. நெசவாளிக்கும் ஹாக்கிக்காரனுக்கும் ஒரே மரம் சோறு போட்டது என்று சொன்னால் மிகையாகாது.

பட்டாளத்துக்கு வெளியே, தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்குள் அப்பியாசம் ஒரு பாடமாக நுழைந்ததற்கு அமெரிக்கர் ஒருவர் காரணர். ஹாரி குரோ பக் என்பவர் 1919-இல் சென்னைக்கு வந்து, 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். பிற்காலத்தில் நந்தனத்தில் அடையாற்றங்கரையில் நிலைபெற்ற அந்தக் கல்லூரி, ஆசியாவிலேயே அவ்வகையில் முதலாவது என்று பிரக்யாதி பெற்றது. 1924-இல் பாரீஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியக் கோஷ்டியை அழைத்துச் சென்றவரும் அவரே. அவர் வருவதற்கு முன் பள்ளிக்கூடங்களில் உடற்பயிற்சி என்பது, ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் பிரம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி இடது வலது சொல்லுவதோடு முடிந்துவிடும். அந்தக் கல்லூரியிலும் அதைப் பின்பற்றி எழுந்த கல்லூரிகளிலும் படித்துத் தேறி ஜில்லா முழுதும் பரவிய டிரில் மாஸ்டர்களோ, முதலில் உடலைச் சூடேற்றிக்கொள்ளுதல், பிறகு அன்றைக்குரிய வித்தை, கடைசியில் ஆட்டம் என்று ஒரு வகுப்பைப் பகுத்து நடத்தும் ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள். பேர் மட்டும் டிரில் மாஸ்டர் என்றே நின்றுவிட்டது. பேரை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு அவகாசமும் இல்லை, சம்பளமும் போதவில்லை.

கணக்கு உபாத்தியாயரும் ஆங்கில உபாத்தியாயரும் விளையாட்டு வகுப்பைக் கடன் கேட்டு வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கூடங்களில், பரீட்சைக்கு முந்திய மாதங்களில் தமக்கென்று ஒரு மணி நேரமும் இல்லாமல், மழைக்காலத்தில் மைதானமும் இல்லாமல், சுண்ணாம்புக்கும் பந்துக்கும் தலைமையாசிரியரிடம் பல்லைக் காட்டிக்கொண்டு, அதற்கிடையிலும் வருஷத்துக்கு இரண்டு பையன்களையாவது ஜில்லா அணிக்கு அனுப்பிய டிரில் மாஸ்டர்கள்தாம் இந்த மாகாணத்து ஹாக்கியின் வேர். அவர்களுக்குச் சிலை வைக்காவிட்டாலும் போகிறது. அவர்கள் செய்தது விளையாட்டுக் காரியம் என்ற இளக்காரமாவது ஒழிந்திருக்கலாம்.

அக்காலத்து அப்பியாச முறையை ஆட்டத்தின் அமைப்பே நிர்ணயித்தது. பின்னால் இரண்டு பேக், நடுவில் மூன்று ஹாஃப், முன்னால் ஐந்து ஃபார்வர்ட் என்ற வியூகத்தில் ஒவ்வொருவனுக்கும் ஓர் இடம், ஓர் எதிராளி, ஒரு தொழில். வலது ஓரத்துக்காரன் கோடு வழியே ஓடி உள்ளே அடிக்க வேண்டும். நடு ஃபார்வர்ட் 'டி' என்னும் கோல்முன் வளையத்துக்குள் அதை வாங்கி கோலுக்குள் திணிக்க வேண்டும். பேக் வாங்கி வாங்கித் தூர அடிக்க வேண்டும். ஆகவே ஒருவனுக்கு ஒரே வித்தையை ஆயிரம் தடவை செய்ய வைப்பதே பயிற்சி. செங்கற்களை வரிசையாக வைத்து அவற்றின் ஊடே பந்தை நெளித்து ஓட்டுவது, சுவரில் அடித்துத் திரும்பி வருவதை நிறுத்துவது, இரண்டு பேர் எதிரெதிரே நின்று புஷ் செய்வது ஆகிய இவையே அன்றைய பாடத்திட்டம். கரடுமுரடான செம்மண் தரையில் பந்து எந்தக் கல்லில் பட்டு எப்படித் துள்ளும் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. அந்தத் துள்ளலைச் சமாளிக்கப் பழகிய மணிக்கட்டிலிருந்துதான் ஐரோப்பியர் பார்த்துத் திகைத்த நம்முடைய டிரிப்ளிங் பிறந்தது என்பது என் அபிப்பிராயம். தரையின் குறையைக் கைத்திறமையாக மாற்றிக்கொண்டோம். அந்தக் கைத்திறமைக்காக நாம் கொடுத்த விலை பின்னால் தெரிந்தது.

சுதந்திரம் வந்த பிறகு, பட்டாளத்தின் பக்கத்தில் உத்தியோகமும் வந்து நின்றது. போலீஸ், ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப்., பாங்குகள், பஞ்சாலைகள் எல்லாம் ஹாக்கி ஆடுகிறவனுக்கு வேலை கொடுத்தன. இதன் மகிமை சம்பளத்தில் மட்டும் இல்லை; மாலை நேரத்தைத் தந்ததில் இருக்கிறது. நாலு மணிக்கு மேசையை விட்டு எழுந்து மைதானத்துக்குப் போக அனுமதி பெற்ற ஒருவன், பத்து ஆண்டு அப்படிப் போனால், கற்றுக்கொண்டது போதாதென்று பக்கத்தில் நிற்கும் பையனுக்குக் கற்றுக்கொடுக்கவும் ஆரம்பித்துவிடுகிறான். அக்காலத்துத் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களுள், ரங்கூனில் பிறந்த ரங்கநாதன் பிரான்சிஸ் 1948, 1952, 1956 ஆகிய மூன்று தங்க அணிகளிலும் கோல்கீப்பராக இடம்பெற்றார். மதராஸ் எஞ்சினியர் பட்டாளத்தின் வி. ஜே. பீட்டர் 1960-இல் ரோமில் வெள்ளியும், 1964-இல் டோக்கியோவில் தங்கமும், 1968-இல் மெக்சிகோவில் வெண்கலமும் பெற்றார். அவருடைய தம்பி வி. ஜே. பிலிப்ஸ் 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற அணியில் வலது ஓரத்தில் ஓடினார். கிருஷ்ணமூர்த்தி பெருமாள் 1968, 1972 ஆகிய இரு ஒலிம்பிக் அணிகளிலும் நடுக்களத்தைக் காத்தார். ஒரே குடும்பத்தில் அண்ணனும் தம்பியும் இந்திய அணிக்குப் போனார்கள் என்றால், அந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போதே ஹாக்கி வகுப்பு நடந்திருக்க வேண்டும்.

கோலாலம்பூர் உலகக் கோப்பையின் அரையிறுதியில் இந்தியா மலேசியாவைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்கடித்தபோது, எதிரணியிலும் தமிழர்கள் நின்றார்கள் என்பதை நம்மவர்கள் மறந்துவிடுகிறோம். மலேசிய அணித் தலைவர் ஸ்ரீ சண்முகநாதனே தமிழர். கடல் கடந்து போன நம்மவர்கள் அந்த நாட்டு மைதானங்களில் இந்த ஆட்டத்தைத் தங்கள் சொந்தச் சொத்தாகவே கொண்டாடினார்கள்.

பயிற்சி அளிப்பதே ஒரு படிப்பு என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1961-இல், பட்டியாலா மகாராஜாவின் மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டு ஸ்தாபனம் திறக்கப்பட்டபோதுதான். தியான் சந்தே அங்கே சில காலம் தலைமை ஹாக்கிப் பயிற்சியாளராக இருந்தார். பாலே திவாரி மைதானத்தில் வாய்மொழியாகச் சொன்னதை அவருடைய சீடர் அரண்மனைக்குள் சான்றிதழ்ப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தது காலத்தின் விநோதங்களுள் ஒன்று. பட்டியாலாவில் தேறி வந்த பயிற்சியாளர்கள் நம் பக்கத்துக்கும் வந்தார்கள். அவர்களைப் பழைய ஆட்டக்காரர்கள் 'காகிதக் கோச்' என்று கேலி செய்ததும் உண்டு. கேலி செய்தவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லத் தெரியவில்லை, கேலிக்கு ஆளானவர்களுக்குச் சொல்லத் தெரிந்ததை ஆடத் தெரியவில்லை.

இந்தச் சச்சரவுக்கிடையில் தரையே மாறிவிட்டது. 1976-இல் மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் நடந்தது. 1928 முதல் ஒரு பதக்கமாவது வாங்காமல் திரும்பியிராத இந்தியா ஏழாவது இடத்தோடு திரும்பியது. அந்தத் தரையில் பந்து துள்ளுவதில்லை, வழுக்கிக்கொண்டு வரும். மணிக்கட்டின் ஜாலத்தைவிட, குனிந்து மட்டையைத் தரையோடு சாய்த்துப் பந்தை ஒரே தொடுதலில் அடக்கும் வித்தையும், அடக்கிய மறுகணமே ஆளில்லாத இடத்துக்குத் தள்ளும் புத்தியும், அன்றைய ஆட்டத்தின் எழுபது நிமிஷமும் ஓடும் மூச்சும் அங்கே செல்லுபடியாயின. மாஸ்கோவில் தங்கம் வந்தது உண்மையே. ஆனால் பல தேசங்கள் பகிஷ்கரித்ததால் அங்கே ஆடியவை ஆறே அணிகள் என்பதும் உண்மை. ஆரணிக்காரரின் அணி பெற்ற வெற்றியை இதனால் குறைத்துச் சொல்லுகிறேன் என்று எண்ண வேண்டாம். வெற்றியின் வெளிச்சத்தில் தரையின் பாடம் மறைந்து போயிற்று என்பதே என் வருத்தம். இரண்டே ஆண்டுகளில், 1982 டில்லி ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில், செயற்கைத் தரையில், நம் சொந்த ஜனங்களின் கண்ணெதிரே, பாகிஸ்தான் 7-1 என்று நம்மை அடித்துப் போட்டு அந்தப் பாடத்தை மறுபடியும் நடத்தியது.

தமிழ்நாட்டில் இந்த மாறுதலைத் தாங்கி நின்ற ஊர் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் கோவில்பட்டியைத்தான் சொல்ல வேண்டும். கரிசல் மண்ணில், தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பஞ்சாலைக்கும் பேர்பெற்ற அந்த ஊரில், ஹாக்கி ஒரு வீதி விளையாட்டு. மற்ற ஊர்ப் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு தெருவை அடைத்துக்கொள்ளும் வேளையில், அங்கே வளைந்த மட்டையோடு நிற்கும் பையன்களைப் பார்க்கலாம். அப்பனும் மாமனும் ஆடிய அதே கிளப்பில் பிள்ளையும் ஆடுகிறான், ஓய்ந்துபோன ஆட்டக்காரர் மைதானத்தின் ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்துவைத்து, "மட்டையைத் தரையில போடுலே, ஆகாசத்துல என்ன தேடுத?" என்று சத்தம் போடுகிறார். கே. ஆர். கல்வி நிறுவனங்கள் லட்சுமி அம்மாள் பேரில் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு அந்த ஊர் ஜனங்கள் திரண்டு வருவது, ஆடுபவனுக்கு மட்டுமின்றிப் பார்ப்பவனுக்கும் ஆட்டத்தின் நுட்பம் தெரிந்திருப்பதற்கு அடையாளம். அங்கே செயற்கைத் தரையும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதியும் வந்து சேர்ந்த பிறகு, கோவில்பட்டி மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து அங்கே பழகிய கார்த்தியும் 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினார்கள். மூத்தவர்களின் சத்தமும் விடுதியின் ஒழுங்கும் ஒரே இடத்தில் கூடியதே இதன் ரகசியம். இரண்டில் ஒன்று மட்டும் உள்ள ஊர்கள் நம் நாட்டில் ஏராளம், அவை ஆள் தருவதில்லை.

ஒழுங்கு என்று சொன்னேன்; அதன் பொருளை ஒரு சாதாரணக் கணக்கால் விளக்கலாம். ஒரு மாலையில் இருபது பையன்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய வழக்கப்படி அவர்களை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒருவன் ஓடி அடித்துவிட்டு வரிசையின் வாலுக்குப் போக, அடுத்தவன் வர, ஓர் அடிக்குப் பத்து விநாடி ஆகிறதென்றால், இருபது நிமிஷத்தில் ஒவ்வொருவனுக்கும் கிடைப்பது ஆறே அடி. மிச்ச நேரமெல்லாம் இடுப்பில் கை வைத்து நிற்பதும், பக்கத்தில் இருப்பவன் தலையில் தட்டுவதுந்தான். அதே பையன்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்துப் பத்துப் பந்துகளைக் கொடுத்துவிட்டால், அதே இருபது நிமிஷத்தில் ஆளுக்கு அறுபது அடி. நல்ல பயிற்சியாளரை அடையாளம் காண அவருடைய சான்றிதழைப் பார்க்க வேண்டியதில்லை. அவருடைய மைதானத்தில் சும்மா நிற்கும் பையன் எத்தனை பேர் என்று எண்ணினால் போதும். பந்து பத்து இல்லாத பள்ளிக்கூடத்தில் மைதானத்தை நாலு சதுரமாகக் கோடு கிழித்து, மூவருக்கு மூவர் ஆடவிட்டால், நாலு பந்துக்கே இருபத்துநாலு பேர் ஓடுவார்கள். பந்தை யாரிடம் கொடுப்பது, யார் ஓடி இடம் தேடுவது, பந்து பறிபோனால் யார் தடுப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தச் சின்னச் சதுரத்துக்குள் ஓயாமல் விடை சொல்ல வேண்டியிருப்பதால், செங்கல்லைச் சுற்றிப் பந்தோட்டுவதில் வராத புத்தி இதில் வருகிறது. செங்கல் ஒருநாளும் குறுக்கே வந்து பந்தைப் பறிக்காது அல்லவா?

நீளமாகப் பேசும் பயிற்சியாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 90 நிமிஷ அப்பியாசத்தில் அரை மணி நேரத்தைப் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் பக்கத்தில் நிரம்ப உண்டு. பையன்கள் வெயிலில் உட்கார்ந்து புல்லைக் கிள்ளிக்கொண்டிருக்க, அவர் தம்முடைய காலத்து மகாத்மியத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு தடவைக்கு ஒரு திருத்தம், அதுவும் ஒரே வாக்கியத்தில், உடனே ஆட்டம் என்பதுதான் பாலே திவாரியின் காலம் முதல் பலித்த முறை.

ஆட்டக்காரராக உச்சியைத் தொட்ட ஆரணிக்காரருக்கும் பயிற்சியாளர் ஆசனம் சுகமாக அமையவில்லை. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பாஸ்கரன் பயிற்சி தந்த இந்திய அணி, ஜெயித்தால் அரையிறுதி என்ற நிலையில் போலந்தை எதிர்த்து ஒரு கோல் முன்னணியில் இருந்து, ஆட்டம் முடியச் சொற்ப நேரமே இருக்கையில் ஒரு கோல் வாங்கி 1-1 என்று முடித்து, கடைசியில் ஏழாவது இடத்தோடு வீடு திரும்பியது. 2006 உலகக் கோப்பையில் அவருடைய அணிக்குக் கிடைத்தது பதினோராவது இடம். பழியைப் பயிற்சியாளர் தலையில் கட்டுவது ஹாக்கி நிர்வாகத்தின் நெடுநாள் சம்பிரதாயம். 1998-இல் பாங்காக்கில் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியத் தங்கம் வாங்கித் தந்த எம். கே. கௌஷிக்கையே அவ்வெற்றிக்குப் பின் நீக்கியவர்கள், தோற்றவரை விடுவார்களா? முன்னணியில் இருக்கும்போது கடைசி ஐந்து நிமிஷத்தைக் காப்பது எப்படி என்பது சிட்னியில் திடீரென்று கற்றுத்தரக்கூடிய வித்தையன்று. அது பள்ளிக்கூட மைதானத்தில், வாரம் ஒரு நாளாவது, 'நீங்கள் ஒரு கோல் முன்னே இருக்கிறீர்கள், ஐந்து நிமிஷம் மிச்சம்' என்று சொல்லி ஆடவைத்துப் பழக்க வேண்டியது. அடித்தளத்தில் பழகாததை மேல்மாடியில் ஒருவர் வந்து பழக்க முடியாமல் போனதற்கு அவரை மட்டும் நிந்திப்பது நியாயமன்று.

2023-இல் எழும்பூரில் ஆசியச் சாம்பியன் கோப்பைப் போட்டி நடந்து, இறுதி ஆட்டத்தில் மலேசியாவை 4-3 என்று இந்தியா வென்றது. அந்த அணியில் கார்த்தி இருந்தார். 2025-இல் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அரங்கங்களுக்கும் விழாக்களுக்கும் இனிக் குறைவிருக்காது. அவற்றின் சரித்திரத்தை எழுதப் பத்திரிகைகளும் இருக்கின்றன. ஆரணி, சேத்துப்பட்டு, போளூர், வந்தவாசிப் பக்கத்து வாசகர்களிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: உங்கள் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு எந்த ஆட்டமானாலும் சரி, அதை முதலில் சொல்லிக்கொடுத்த டிரில் மாஸ்டரின் பெயர், அவர் படித்த கல்லூரி, அவர் பணியாற்றிய ஆண்டுகள், அவர் மைதானத்தில் பையன்களை நிறுத்தி வைத்த விதம் ஆகியவற்றை, நினைவில் இருக்கும்போதே ஒரு காகிதத்தில் எழுதி, அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரிடம் கொடுத்து வையுங்கள்.